புதிய பேரிங்கும் சுழல மறுக்கும் சக்கரமும்

பழவேற்காட்டு ஏரியின் இறாலையும் நண்டையும் மடவையையும் பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கி, விடிவதற்கு முன்னமே பொன்னேரி வழியாகச் சென்னைப் பட்டணத்துச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டிகளில் ஒன்றுக்குப் பின்சக்கரத்துப் பேரிங் மாற்றி, கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் உரிய பணத்தைக் கொடுத்து முடித்த மறுநாளே, அந்தச் சக்கரம் மட்டும் சுழல மறுத்து, அதன் குடமாகிய ஹப்பின்மேல் விரல் வைக்க முடியாதபடி உஷ்ணம் ஏறி, நடுவழியில் வண்டி நின்றுபோகுமானால், அதற்குக் காரணம் கற்பிப்பதற்கு மூன்று பேர் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். பேரிங் போலிச் சரக்கு என்று மெக்கானிக் சாதிப்பார். மாட்டத் தெரியாதவன் மாட்டினால் எந்தப் பேரிங்தான் நிற்கும் என்று கடைக்காரர் கேட்பார். வண்டிக்காரரோ இருவரையும் பகைத்துக்கொள்ள மனமின்றி, எல்லாம் இந்த உப்புத் தண்ணீர் செய்கிற வேலை என்று ஏரியின்மேல் பழியைப் போட்டுவிட்டு, இன்னொரு ஜோடி பேரிங் வாங்கப் புறப்படுவார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் இதிலுள்ள சங்கடம். முழுப் பொய்யாக இருந்தால் ஒரே நாளில் வெளுத்துப் போயிருக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பேரிங் இருந்தவரையில் ஓசை எழுப்பிக்கொண்டாவது ஓடிய சக்கரம், புதியது போட்டவுடன் இறுகிப்போகிறதென்றால், மாட்டி முடித்தபின் அதை யாராவது அளந்து பார்த்தார்களா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். அதற்கு மெக்கானிக்கின் அறியாமையே காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதும் அநியாயம். அளப்பதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை, ஆகையால் அளக்கப்படுவதில்லை.

இந்தப் பிரதேசத்துக்குச் சக்கரம் பழைய துணையன்று. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரையின் வர்த்தகத்தை நடத்திய காலத்திலும் சரக்குகள் தோணி ஏறித்தான் கப்பலுக்குச் சென்றன. 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, 1878-ல் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாய் இந்த ஏரியின் ஊடாகவே சென்றமையால், விறகும் உப்பும் படகிலேயே பட்டணம் போய்ச் சேர்ந்தன. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் அந்தக் கால்வாயைச் சிதைத்து, அதன் போக்குவரத்தும் நாளடைவில் நலிந்தபின், ஜலத்தில் போன பாரமெல்லாம் சக்கரத்தின்மேல் ஏறிக்கொண்டது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் தொழிற்சாலை, இதே கரையோரமாகத் தெற்கே போனால் வருகிற எண்ணூரில்தான் இருக்கிறது. லாரி பிறக்கும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்த லாரியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் சாஸ்திரம் ஏரிக்கரைக் குப்பங்களான கோட்டைக்குப்பத்துக்கும் நடுக்குப்பத்துக்கும் எழுத்தில் வந்து சேரவில்லை; வாய்மொழியாக வந்ததுதான் வந்தது.

ஏரியின்மேல் சொல்லும் பழியில் உண்மை உண்டு என்றேன்; அது எவ்வளவு என்று பார்க்கலாம். நெடுந்தூரம் ஓடிய சக்கரத்தின் ஹப் சூடாக இருக்கிறது. அதற்குள்ளே அடைபட்ட காற்றும் சூடாக இருக்கிறது. அந்த நிலையில் வண்டி கரையோரத்துத் தேங்கிய நீரிலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் சாலைமேல் ஏறி நிற்கும் வெள்ளத்திலோ இறங்கினால், ஹப் திடீரென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீலின் உதட்டு வழியாக வெளியே நிற்கும் உப்புநீரை உள்ளுக்கு உறிஞ்சிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களையும் வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, நீரில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் இந்த ஆபத்து பொதுவாக இருந்தது. அதன்பின் வண்டியைச் சில நாள் நிறுத்தி வைத்தால், பேரிங்கின் உருளைகள் நின்ற இடங்களில், அவற்றின் இடைவெளி மாறாமல், கப் என்னும் வெளி வளையத்தின்மேல் வரிசையாகத் துருக்கறை படியும். பேரிங்கைக் கழற்றியவுடன் அந்தக் கறையைப் பார்த்தே, இது நீரினால் கெட்டதா நெருக்கத்தினால் வெந்ததா என்று ஒரு நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார். நீரில் கெட்டது துருவும் குழியுமாக இருக்கும். நெருக்கத்தில் வெந்தது வைக்கோல் நிறத்திலும் நீல நிறத்திலும் கறுத்திருக்கும். மீன்பெட்டிகளிலிருந்து இடைவிடாமல் சொட்டுகிற உப்புப் பனிநீர் வேறு, பின்சக்கரத்தின்மேலும் பிரேக்கின்மேலும் ஆண்டு முழுவதும் அபிஷேகமாக விழுந்துகொண்டிருக்கிறது.

ஆனால் உப்புநீர் நிதானமாகக் கொல்லும். முதலில் கரகரப்பு, அப்புறம் ஓசை, அப்புறம் ஆட்டம் என்று வாரக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே வந்து கடைசியில் பேரிங்கைத் தின்னும். போட்ட மறுநாளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற அவசரம் அதற்குக் கிடையாது. ஆகவே, புதுப் பேரிங் போட்டதும் வந்த இறுக்கத்துக்கு ஏரியைக் குற்றவாளியாக்குவது, நேரத்தையும் இடத்தையும் கவனியாத விசாரணை.

இறுக்கம் எங்கே பிறக்கிறது என்பதை அறிய, லாரி ஹப்பின் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள்ளே உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், ஒன்றையொன்று எதிர்நோக்கி அமைந்திருக்கின்றன. இந்த ஜாதிப் பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஹென்றி டிம்கன் குதிரை வண்டி கட்டும் தொழிலில் இருந்தவர். சக்கரம் திரும்பும்போது அச்சின்மேல் பக்கவாட்டில் விழும் சுமையையும் மேலிருந்து விழும் சுமையையும் ஒருங்கே தாங்குவதற்காக உருளைகளைக் கூம்பாக்கினார். கூம்பாக இருப்பதனால் ஒரு விசேஷம் உண்டு. ஸ்பிண்டில் என்னும் அச்சின் முனையிலுள்ள நட்டைத் திருப்பத் திருப்ப, கோன் என்னும் உள் வளையம் உள்ளே நகர்ந்து, உருளைகள் கப்புக்குள் மேலும் மேலும் அழுந்துகின்றன. எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பேரிங் செய்த கம்பெனியின் கையில் இல்லை. நட்டைத் திருப்புகிறவனின் கையில் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த முத்திரை பொறித்த பேரிங்கானாலும், அதன் ஆயுள் கடைசிக் கால் சுற்றில் நிர்ணயமாகிறது.

கட்டை வண்டி ஓட்டிய நம்மவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்தேயிருந்தது. இருசின் முனையில் சக்கரத்தின் குடத்தை மாட்டி, அது கழன்று விழாதபடி கடையாணியைச் செருகினார்களே ஒழிய, குடத்தைக் கடையாணி நெருக்கிப் பிடிக்கும்படி எந்தத் தச்சனும் செய்து கொடுத்ததில்லை. இடைவெளி விட்டு, வண்டி மை தடவி, சக்கரம் சற்றே ஆடி ஆடிப் போவதைக் குறையென்று எண்ணாமல் ஓட்டினார்கள். இரும்பும் எஃகும் வந்தபின் நமக்கு எப்படியோ ஒரு விபரீத எண்ணம் பிடித்துக்கொண்டது: எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பத்திரம் என்பது. சக்கரம் கழன்று ஓடிவிடுமோ என்ற பயத்தில், நீளமான பைப்பை ஸ்பானரில் செருகி, ஆள் பலம் முழுவதையும் போட்டு நட்டை முறுக்குகிறோம். அப்படி முறுக்கிய பேரிங் ஓட ஓடச் சூடேறுகிறது. சூட்டில் எஃகு விரிந்து இன்னும் நெருங்குகிறது. கிரீஸ் உருகிச் சீல் வழியாக வழிந்துவிடுகிறது. வெற்று உலோகம் வெற்று உலோகத்தின்மேல் உராய்ந்து, கடைசியில் கோன் ஸ்பிண்டிலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளவும், நட்டின் பூட்டே அறுந்து சக்கரம் வெளியே போய்விடவும்கூட இடம் உண்டு. எது நேரக்கூடாதென்று இறுக்கினோமோ அதுவே இறுக்கத்தினால் நேர்கிறது.

அப்படியானால் எவ்வளவு ஆட்டம் விடுவது? பிளே என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த இடைவெளிக்கு அமெரிக்க லாரித் தொழிலில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரையில். அதாவது சுமார் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர். ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவே பிரமாணம் என்றாலும், விஷயம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு இது போதும். ஏரிக்கரையில் படகு கட்டும் ஆசாரியின் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அந்த ஒரு நூலை இருபத்தைந்து பங்காக வகுத்தால், அதில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சக்கரத்துக்கு ஆட்டம் ஆகாது. அறவே இல்லாமலும் ஆகாது. இதைக் கையினால் தள்ளியும் இழுத்தும் உணரக்கூடிய அனுபவசாலிகள் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. கை ஏமாறாத நாளும் உண்டு, ஏமாறுகிற நாளும் உண்டு; டயல் கேஜ் என்னும் அளவுக் கருவி அப்படியல்ல.

அளவுக்கு வந்து சேரும் வழியிலும் ஒரு கிரமம் இருக்கிறது. முதலில் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்க வேண்டும். அப்போதுதான் உருளைகள் கோணலின்றித் தத்தம் இடத்தில் போய் அமரும். சக்கரத்தை அசையாமல் நிறுத்திவைத்து இறுக்குகிறவர் உருளைகள் சாய்ந்து நிற்கையிலேயே இறுகிவிட்டதாக நம்பி ஏமாறுகிறார். அமர்ந்தபின் நட்டை முழுவதும் தளர்த்தி, மறுபடி சுழற்றிக்கொண்டே மிதமாக இறுக்கி, பிறகு புத்தகம் சொல்லும் பங்கு அளவு பின்னுக்குத் திருப்பி, லாக் வாஷரையும் வெளி நட்டையும் போட்டுப் பூட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் நல்ல மெக்கானிக்குகளும் சறுக்குவதுண்டு. உள் நட்டைச் சரியான அளவில் வைத்து ஆட்டத்தையும் சோதித்து, திருப்தியோடு வெளி நட்டை ஓங்கி முறுக்கும்போது, மரைகளில் இருக்கிற மிகச் சிறிய தளர்ச்சி நீங்கி, உள் நட்டு மயிரிழை உள்ளே தள்ளப்பட்டு, விட்டிருந்த ஆட்டம் முழுவதும் மறைந்துபோகிறது. ஆகையால் அளப்பது பூட்டுவதற்கு முன்னால் அன்று, பூட்டிய பின்னால். இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் பெயிண்ட்டில் எழுதி வைத்தால், எத்தனையோ பேரிங்குகள் பிழைக்கும். (சில புதிய வண்டிகளில் கிரீஸோடும் சீலோடும் முன்னமே அளவு செய்து அடைத்த பேரிங் பெட்டிகள் வருகின்றன, அவற்றின் விதி வேறு. இங்கே பேசுவது கிராமத்துச் சாலைகளில் ஓடும் பழைய ஜாதியை.)

இனி, மாட்டி முடித்துச் சக்கரம் இறுகி நிற்கிறது. குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? உடனே பேரிங்கைப் பிடுங்கி எறிவது பரீட்சையாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் ஸ்டாண்டும் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தபின், முதல் காரியமாக ஆக்சில் ஷாஃப்டை வெளியே இழுத்துவிட வேண்டும். லாரிகளில் இது சுலபம். ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதற்கே ஒழியச் சுமை தாங்குவதற்கன்று, ஆகையால் அது இல்லாமலும் ஹப் தன் பேரிங்கின்மேல் நிற்கும். ஷாஃப்டை எடுத்தவுடன் ஹப் இலகுவாகச் சுழன்றால், இழுத்துப் பிடித்தது டிஃபரன்ஷியலோ, வளைந்த ஹவுசிங்கோ, பேரிங் நிரபராதி. அப்போதும் இறுகியே இருந்தால், பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உப்பு மண்டலத்தில் இந்தப் பரீட்சைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு: சிறிய லாரிகளில் வீல் சிலிண்டரும், ஏர் பிரேக் வண்டிகளில் கேம் ஷாஃப்டும் துருப்பிடித்து, ஷூ தன் இடத்துக்குத் திரும்பாமல் டிரம்மைப் பற்றிக்கொண்டே நிற்பது இங்கே சகஜம். டிரம்மைக் கழற்றி மாட்டிய அசைவில் அந்தத் துரு இன்னும் சிக்கிக்கொள்ளும். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் எழும்பி நிற்கும் விளிம்பில் லைனர் போய் முட்டவும் செய்யும். பேரிங் மாற்றிய நாளில் வந்த இறுக்கம் என்பதற்காகப் பேரிங்கினால்தான் வந்தது என்று நினைப்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பிரேக்கைத் தளர்த்தியும் விடுதலை கிடைக்காவிட்டால், நட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். உடனே சக்கரம் உயிர் பெற்றுச் சுழன்றால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அதற்கும் மசியாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால், கப் ஹப்புக்குள் கோணலாக இறங்கியிருக்கிறது என்றோ, அதன் முதுகுப்புறத்தில் ஒரு பிசிறோ மணலோ அகப்பட்டிருக்கிறது என்றோ கொள்ளலாம். பித்தளைத் துண்டை வைத்துக் கப்பை அடித்து இறக்கும்போது, அடிவரை உட்கார்ந்தவுடன் நாதம் மாறும். அந்த நாதத்துக்குக் காத்திராமல் சுத்தியலைக் கீழே போடுவதன் பலன் இது. பழைய கப்பை எடுக்கச் சோம்பி அதிலேயே புதிய கோனைச் சேர்ப்பதும், எண் சரியாகப் பொருந்தாத கப்பையும் கோனையும் ஜோடி சேர்ப்பதும், உள்ளே இருந்த வளையத்தை மறுபடி போட மறப்பதும், சீலைச் சாய்வாக அடித்து இறக்குவதும் இதே வர்க்கம். போலிப் பேரிங் இல்லையென்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் பார்த்து முடித்தவருக்குத்தான் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லும் பாத்தியதை உண்டு.

எல்லா இறுக்கமும் நோயன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய சீலும் புதிதாக அடைத்த கிரீஸும் சக்கரத்துக்கு ஒருவிதக் கனத்தைத் தரும். அந்தக் கனம் சுற்று முழுவதும் ஒரே சீராக இருந்து, சற்று ஓடியபின் குறைந்துவிடும். இதைக் கண்டு பயந்து நட்டை அதிகமாகத் தளர்த்துகிறவர் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் விழுகிறார். கிரீஸைப் பற்றி ஒரு வார்த்தை: சோடியம் சோப்பில் செய்த பழைய வகை கிரீஸ் நீர் பட்டால் கரைந்துபோகும், லித்தியம் கிரீஸ் அதைவிட நன்றாக நீரைத் தாங்கும், ஆனால் பழையதை வழித்துக் கழுவாமல் அதன்மேலேயே வேறு ஜாதியை அடைத்தால் இரண்டும் சேர்ந்து இளகிப்போகலாம். ஹப்பை முழுவதும் கிரீஸால் நிரப்புவதும் நன்மையன்று. அந்த அதிக கிரீஸே கடையப்பட்டு உஷ்ணத்தை உண்டாக்கும்.

மேலே சொன்ன பரீட்சைகள் ஒன்றுக்கும் விலையுயர்ந்த யந்திரம் தேவையில்லை. தேவைப்படுவது நேரம், அந்த நேரத்தைத்தான் நாம் மெக்கானிக்குக்குக் கொடுக்க மறுக்கிறோம். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது, சந்தை கலைந்துவிடும், சீக்கிரம் முடி என்று தலைமேல் நின்று நெருக்குகிறோம். பில் வந்தால், புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வாங்கிய பேரிங்கின் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கூலி என்ற வரியில் பேரம் ஆரம்பிக்கிறோம். சாமானுக்கு மதிப்பு உண்டு, நோயைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கு மதிப்பில்லை என்ற இந்த வழக்கத்தில் வளர்ந்த தொழிலாளி, கண்டுபிடிப்பதை விட்டுவிட்டுச் சாமானை மாற்றுவதையே தொழிலாகக் கொண்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்த ஏரியின் மீனவர்கள் அவசரக்காரர்கள் அல்லர். எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு என்னும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டு, தம் முறை வரும்வரை காத்திருக்கும் ஒழுங்கை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். வலைக்குக் காட்டுகிற அந்தப் பொறுமையில் ஓர் அரை மணி நேரத்தைச் சக்கரத்துக்கும் ஒதுக்கினால் அவர்களுக்கு நஷ்டமில்லை.

சர்க்காருக்கும் இதில் பங்கு உண்டு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், குளிர்சாதன லாரியிலிருந்து பனிப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் வரையில் மீன் ஏற்றும் வண்டிகள் வாங்க மானியம் இருக்கிறது. பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு நூற்றுக்கு 60 என்பது விகிதம். வண்டியை வாங்கித் தருவது நல்ல காரியம். உப்புநீரில் நாள்தோறும் நனையும் அந்த வண்டியின் சக்கரத்தை எத்தனை காலத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது, எந்தக் கிரீஸ் போடுவது, எவ்வளவு ஆட்டம் விடுவது என்பதைத் தமிழில் எழுதிய நான்கு பக்கப் பிரசுரம் ஒன்றை அந்த மானியத்தோடு சேர்த்துத் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது. மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே பொன்னேரியில் இருக்கிறது. மீனைக் கெடாமல் பாதுகாக்கும் வித்தையை அங்கே போதிக்கிறார்கள். வழியில் நின்றுபோன வண்டியில் எந்த வித்தையும் மீனைக் காப்பாற்றாது. அந்தக் கல்லூரியும், மோட்டார் மெக்கானிக் தொழிலைக் கற்பிக்கும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆண்டுக்கொரு முறை ஏரிக்கரைப் பட்டறைக்காரர்களை அழைத்து, கையில் டயல் கேஜைக் கொடுத்து, ஒரு ஹப்பைக் கழற்றி மாட்டிக் காட்டுமானால், அதைவிட உபயோகமான சொற்பொழிவு இருக்க முடியாது.

அதுவரையில் வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேரிங் மாற்றக் கொடுக்கும்போது, பூட்டு நட்டை முறுக்கி முடித்தபின் ஆட்டம் எவ்வளவு இருந்தது என்பதை ரசீதில் ஒரு வரியாக எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த வரிக்கு மெக்கானிக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.